தலைமாற்றி வைத்த தட்டு

காலை பத்து பத்துக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காலையில் கூப்பிடுகிற எண் அல்ல அது. சாயங்காலம் நான்கு மணி வாக்கில், அவர் தேநீர்க் கோப்பையோடு மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்த பிறகு கூப்பிடுகிற எண். அதனால் அவள் கையிலிருந்த இடுக்கியைக் கூடக் கீழே வைக்காமல், "என்ன சார், இன்னைக்குக் காலையிலேயே சாயங்காலமாயிருச்சா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"மேடம், நான் லேப்லேருந்து பேசறேன். புதுசா சேர்ந்திருக்கேன். சார் நேத்து தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக். பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துட்டாராம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று அந்தப் பெண் இரண்டு முறை மேடம், மேடம் என்றாள்.

"இருக்கேம்மா."

"உங்க தட்டு ஒண்ணு இங்க வந்து கிடக்கு. அதை இனிமே நான்தான் செய்யணும். அதைச் சொல்லத்தான் சார் வச்சிருந்த லேப் செல்லுலேருந்து கூப்பிட்டேன்."

"சரிம்மா. எப்ப எடுக்கறாங்க?"

"இப்ப எடுத்துருவாங்க மேடம். நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம்."

அந்த ஊருக்கு ரயிலில் ஒரு முழுப் பகல் போக வேண்டும். அவள் பேசியை மேசையில் வைத்தாள். வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் தலையை நீட்டி, "யாரு மேடம், என்ன விஷயம்?" என்றார்.

"லேப்ல ஒருத்தர் போயிட்டாரு."

"அடப்பாவமே. உங்களுக்கு வேண்டியவரா?"

"வேலை விஷயமாப் பழக்கம்" என்றாள் அவள். இதைவிட நெருக்கமான ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தாள். சார், மேடம் என்பதற்கு மேல் ஒரு உறவுமுறையும் அவர்களுக்குள் இருந்ததில்லை. முகம்கூடப் பார்த்ததில்லை.

அவள் வேலை செய்தது ஒரு அருங்காட்சியகத்தின் பின்கட்டில். முன்பக்கம் கூரையிலிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் போடும் கூச்சல் சுவர் வழியாகக் கேட்கும். பின்பக்கம் இரும்பு அலமாரிகள், அலமாரிகளுக்குள் கண்ணாடி மூடிய இழுப்பறைகள், இழுப்பறைகளுக்குள் வரிசை வரிசையாக ஊசியில் குத்திய பூச்சிகள். அந்துருண்டை வாசனை அவள் துணியிலும் கூந்தலிலும் ஏறி வீடு வரை வரும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு நிறுத்தம் கழித்து மெல்ல வேறு இடம் பார்ப்பார்கள். விலங்கியல் படித்து முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். அப்போது ஒரு வருஷத்துக்கு என்றுதான் சொன்னார்கள்.

பூச்சிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது, பூஞ்சை பிடிக்காமல் பார்ப்பது என்று இருந்த வேலையில் டி.என்.ஏ. வந்து சேர்ந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். பெயர் தெரிந்த ஒரு பூச்சியின் காலைக் கிள்ளி எடுத்து, அதன் டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டை எழுத்து எழுத்தாகப் படித்து, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பொது நூலகத்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு யாருக்காவது வயலில் ஒரு புழுவோ, மாவு மூட்டையில் ஒரு சிறகுத் துண்டோ கிடைத்தால், அதையும் படித்து ஒப்பிட்டு இன்ன பூச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் நூலகத்திலிருக்கும் எழுத்துவரிசை எந்த உடலிலிருந்து வந்தது, அந்த உடல் எந்த இழுப்பறையில் இருக்கிறது, அதை எங்கே, எப்போது, யார் பிடித்தார் என்ற தொடர்பு அறுந்துபோகக் கூடாது. அறுந்தால் அது யாருடையதும் அல்லாத எழுத்து. அந்த முடிச்சைப் போடுவதுதான் அவள் வேலை.

"கடையில பில் போடும்போது காட்டுவாங்களே, அந்தக் கோடு மாதிரியா அண்ணி?" என்று தம்பி மனைவி ஒருமுறை கேட்டாள்.

"அதே மாதிரிதான். இதுல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், உள்ளேயே அச்சடிச்சிருக்கும்."

"அப்போ விலையும் தெரிஞ்சிருமா?"

அலுவலகத்தில் அவளுக்குக் 'கால் மேடம்' என்று பெயர். காப்பாளர் முதல் காவலாளி வரை அப்படித்தான் சொன்னார்கள். எல்லார் காலையும் வாருகிற வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். முன்பு கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், வந்தவர்களில் ஒருவர் "பூச்சிக்கு மருந்தடிக்கிற வேலையா?" என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லைங்க, இது செத்த பூச்சி" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டும் ஏதேதோ காரணத்தில் தட்டிப் போயின. அம்மா இருந்தவரை அதைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆள் இருந்தது. அம்மாவுக்குப் பிறகு தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை. யாரும் ஒரு குறை வைக்கவில்லை. சாப்பிடும்போது தட்டு வைப்பார்கள், குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள். அவள் நன்றாக இருக்கிறது என்பாள். பிறகு அவர்கள் பேச்சை அவர்கள் பேசுவார்கள். அவள் மாடிக்கு ஏறுவாள்.

லேப்பில் இருந்த அவரோடு முதல்முதலாகப் பேசியது சண்டையில்தான்.

அவள் கால்களைப் போட்டு லேப்புக்கு அனுப்பும் தட்டு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். முட்டை அட்டை மாதிரி வரிசையாகக் குழிகள், மொத்தம் தொண்ணூற்றாறு. எந்தக் குழியில் எந்தப் பூச்சியின் கால் என்று கணினியில் ஒரு அட்டவணை கூடவே போகும். முதல் தட்டின் முடிவுகள் வந்தபோது அந்துப்பூச்சி இருக்க வேண்டிய இடத்தில் வண்டு இருந்தது. அவள் நேராக லேப்புக்குப் போன் போட்டாள்.

"சார், நான் அனுப்பினது அந்துப்பூச்சி. நீங்க வண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"மேடம், மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுதறேன். நீங்க வண்டை அனுப்பிட்டு அந்துப்பூச்சின்னு நினைச்சிருப்பீங்க."

"இருபது வருஷமா இதைப் பார்த்துட்டிருக்கேன். எனக்கு வண்டு தெரியாதா?"

"நானும் இருபது வருஷமா இந்த மெஷினைப் பார்த்துட்டிருக்கேன். அதுக்கு உங்க மேல என்ன மேடம் பகை?"

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "மேடம், மன்னிச்சுக்கங்க. எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். தட்டைத் தலைமாற்றி வச்சு, அந்தக் கோடியிலேருந்துதான் எனக்குக் கை ஓடும். உங்க முதல் குழி எனக்குக் கடைசிக் குழி. எங்க லேப் வேலையில எல்லாத் தட்டையும் அப்படியே நானே போட்டு நானே எடுக்கறதால இதுவரைக்கும் தெரியலை."

தட்டின் ஒரு மூலையில் சிறிதாக வெட்டு இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பொது. அதைப் பார்த்து வைத்தால் போதும். அவர் முயன்றும் பார்த்தார். இரண்டு முறை கை தடுமாறி ஒரு குழியில் இரண்டு துளி விழுந்தது. அப்போது அவள்தான் சொன்னாள், "நான் கடைசிக் குழியிலேருந்து போட்டுட்டு வர்றேன் சார். நீங்க உங்க கைக்கு வந்தபடி வைங்க."

"மைனஸும் மைனஸும் ப்ளஸ்ஸா?"

"ஸ்கூல்ல அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க."

அந்தப் பேச்சோடு அது முடிந்தது. முதல் தட்டைத் திருப்பிச் சரிசெய்து ஏற்றினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு தட்டையும் அவள் கடைசிக் குழியில் தொடங்கினாள், அவர் தலைமாற்றி வைத்தார், எல்லாம் நேராக வந்தது. இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று யாராவது எழுதி வைப்பார்களா?

தட்டு வந்து சேர்ந்ததா என்று கேட்க ஒரு போன், முடிவு வந்ததைச் சொல்ல ஒரு போன் என்று இருந்தது, நாளாக ஆக ஒரு காரணமும் இல்லாமல் நான்கு மணிக்கு ஒரு போன் என்று ஆயிற்று. அவர் வீட்டுக்காரம்மாவின் முழங்கால், அவர் ஏறும் பேருந்தில் சில்லறையே தராத கண்டக்டர், மழையில் ஒழுகும் கூரை எல்லாம் பேச்சில் வந்தது. பார்த்தே இராத ஒரு வீட்டின் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. பேசியை வைக்கும்போது, "சரி மேடம், உங்க பிள்ளைங்களைக் கேட்டதாச் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் என்றால் இழுப்பறையில் இருப்பவை.

லேப்பின் இணையப் பக்கத்தில் ஒரு கூட்டப் படம் இருந்தது. கீழே பெயர் கிடையாது. பின்வரிசையில் ஒரு ஒல்லியான மனிதர் இடது கையில் கோப்பை பிடித்திருந்தார். இவராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். கேட்டு உறுதி செய்யவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் வேறு ஒரு முகத்துக்கு முதலிலிருந்து பழக வேண்டும்.

செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போனதும் தம்பி மனைவி, "என்ன அண்ணி, முகமே சரியில்ல?" என்றாள்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் இறந்துட்டாங்க."

"அய்யோ. யாரு, நமக்குச் சொந்தமா?"

"இல்ல. வேலையில."

"ஓ. கூடவே உட்கார்ந்து வேலை செய்யறவங்களா?"

"இல்ல. வேற ஊர்."

அதற்கு மேல் கேட்க அவளிடம் கேள்வி இல்லை. "ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுங்க அண்ணி" என்று தம்பி மனைவி அன்பாகத்தான் சொன்னாள். மறுநாள் இவள் வேலைக்குப் போனாள். லீவு போட ஒரு காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? நான்கு மணிக்கு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அட்டெண்டர், "சிக்னல் இல்லையா மேடம்?" என்றார்.

அடுத்த வாரம் புதுப் பெண் கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"மேடம், தலையும் புரியலை, வாலும் புரியலை. முதல் வரிசை பூரா அந்துப்பூச்சின்னு அட்டவணையில போட்டிருக்கீங்க. எனக்கு அது பூராவும் குளவியா வருது. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நினைவே வரவில்லை.

"உனக்கு வலது கைப் பழக்கமாம்மா?"

"என்னது?"

"எழுதறது எந்தக் கையில?"

"வலது கை மேடம். ஏன், அதுக்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம்?"

சொன்னாள். மறுமுனையில் தட்டைத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "மேடம், நான் ஏற்கெனவே எங்க தலைமைக்கு எழுதிட்டேனே" என்றாள். குரல் அழுதுவிடும் போலிருந்தது. "தட்டு தப்பா வந்திருக்குன்னு எழுதினேன். அவங்க, இதுக்கு முந்தின தட்டெல்லாம் எப்படி இருக்கோன்னு கேட்கறாங்க."

இரண்டு நாளில் காப்பாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். கோபப்பட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கோபப்படுவார். மேசையில் லேப்பிலிருந்து வந்த கடிதம் இருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த ஒரே மனிதர் கையால் ஓடிய தட்டுகள் அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவை, பொது நூலகத்திலிருந்து இறக்கிவிடலாம் என்பது அவர்கள் யோசனை.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றாள். "நான் ஒரு பக்கம் திருப்பினேன், அவர் ஒரு பக்கம் திருப்பினார்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"பெரிய விஷயமாத் தோணலை சார்."

"ஒவ்வொரு தட்டையும் அவர் அப்படித்தான் வச்சாருன்னு நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்ததில்ல. ஆனா தெரியும்."

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. ஆனா நம்பிக்கையை நூலகத்துல ஏத்த முடியாது. நாளைக்கு ஒருத்தன் இதைப் பார்த்து இன்ன புழுன்னு முடிவு பண்ணி மருந்து அடிப்பான். தப்பா இருந்தா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவளும் அதைத்தான் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மனிதருக்கு வேறு ஒன்றும் இல்லை. படத்தில் பெயர் இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெயர் இல்லை. அவர் கை செய்த வேலை அந்த நூலகத்தில் மட்டும்தான் நின்றது. அதையும் இறக்கிவிட்டால் அவர் வாழ்ந்ததற்கு மாடிப்படியில் கோப்பை வைத்த வட்டக் கறை மட்டும் மிஞ்சும்.

"சோதிச்சுப் பார்க்கலாம் சார்" என்றாள். "ஒவ்வொரு தட்டுலேருந்தும் மூலையில இருந்த பூச்சிகளை எடுத்து மறுபடி ஒரு கால் எடுக்கறேன். தலைகீழா போயிருந்தா மூலையிலதான் பெரிசாத் தெரியும். லேப்ல மறுபடி படிக்கட்டும். பழசும் புதுசும் ஒத்துப்போனா இருக்கட்டும். ஒத்துப்போகாத தட்டை இறக்கிடுங்க."

காப்பாளர் யோசித்தார். "எல்லாத்தையும் நீங்க ஒருத்தராவா?"

"வேற யாரு இருக்காங்க?"

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. இழுப்பறையைத் திறப்பது, ஏற்கெனவே ஒரு காலை இழந்த பூச்சியைக் கண்டுபிடிப்பது, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இன்னொரு காலைக் கிள்ளுவது. கொடுத்தவர்களிடமே மறுபடி கடன் கேட்கப் போவது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அட்டெண்டர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஆறுல ரெண்டு போச்சா மேடம்?"

"போச்சு."

"அப்ப இனிமே இது பூச்சி இல்ல, நாற்காலி."

செய்தி வந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்த கையோடு இதை நான்கு மணிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

புதுப் பெண் கெட்டிக்காரி. தட்டு போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புவாள், வெட்டு மூலை எந்தப் பக்கம் என்று சிவப்பில் அம்புக்குறி போட்டிருப்பாள். முடிவுகள் கொத்துக் கொத்தாக வந்தன. ஒவ்வொரு கொத்துக்கும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். "முதல் வருஷத்துத் தட்டு எல்லாம் ஒத்துப்போச்சு மேடம்." "ரெண்டாவது வருஷமும்." கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணின் குரல் மாறியது, கூடவே ஒரு பெருமிதம் வந்தது. "சார் ஒரு குழி கூடத் தப்பலை மேடம். இங்க எல்லாரும் வாயைப் பிளக்கறாங்க." இவள் "அப்படியா" என்பாள். அதற்கு மேல் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒருமுறை மட்டும் கேட்டாள், "அவர் வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க?"

"மகளோட போயிட்டாங்க மேடம். வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள். முழங்காலுக்குப் பட்டை கட்டினால் படி ஏறலாம் என்று அவர் மூலமாகச் சொல்லி அனுப்பியது அவள்தான். மருந்துக்கடையில் நின்று அளவு விசாரித்ததும் அவள்தான். ஆனாலும் தெரியாது.

கடைசிக் கொத்துக்கு முந்தின கொத்து வந்த அன்று, புதுப் பெண் வழக்கம்போல் ஆரம்பிக்கவில்லை.

"மேடம், ஒரு தட்டு ஒத்துப்போகலை."

"எது?"

"மூணு வருஷத்துக்கு முந்தினது. பழுப்பு அந்துப்பூச்சித் தட்டு. முழுக்கத் தலைகீழா இருக்கு."

அந்தத் தட்டு அவளுக்கு நினைவிருந்தது. தொண்ணூற்றாறும் ஒரே குடும்பத்துப் பழுப்புப் பூச்சிகள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட எது எது என்று தெரியாது. அதனால்தான் தலைகீழாக வந்தபோது யார் கண்ணிலும் படவில்லை.

"இருக்காதும்மா. அவர் ஒருநாளும் மறந்ததில்ல. நான் தப்பாப் போட்டிருப்பேன்."

"இல்ல மேடம். நான் வருகைப் பதிவைப் பார்த்துட்டேன். அந்த வாரம் சார் லீவு. தற்காலிகமா இருந்த ஒருத்தர் அதை ஓட்டியிருக்காரு. அவருக்கு வலது கை. சாருக்கு அப்பத்தான் முதல் அட்டாக்காம். ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"அந்த வாரம் தினமும் பேசினாரேம்மா."

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசியிருப்பாரு மேடம்."

அவள் பேசியை வைத்துவிட்டு அந்த இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வாரப் பேச்சு நினைவிருந்ததற்குக் காரணம் இந்தப் பூச்சிகள்தான். "மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும் மேடம், அசைய முடியாது. எனக்குப் பேசறதுக்கு விஷயம் இல்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல என்று கேட்டதற்கு, "இந்தப் பழுப்புப் பிள்ளைங்களைப் பத்திச் சொல்லுங்களேன். ஒரே மாதிரி இருக்கும்னீங்களே, எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்றார். அவளும் சொன்னாள். முன்சிறகில் ஒரு புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு. விளிம்பில் சாம்பல் கோடு. சிலவற்றை மருந்தில் ஊறவைத்துத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ விட்டுவிட்டுக் கூவியது.

"உங்க மெஷின் இவ்வளவு சத்தம் போடுமா சார்?"

"புது மெஷின் மேடம். கைக்குழந்தை மாதிரி. விட்டுவிட்டு அழும்."

அன்று அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த நாள் அதைவிடக் கூட. இவ்வளவு நேரம் வேலையை விட்டுவிட்டுப் பேசுகிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளால் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு. ரயிலேறிப் போயிருக்க முடியாது. போனாலும் வாசலில் நிற்கும்போது, நீங்க யாரு என்று ஒருவர் கேட்பார். அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். அந்துருண்டை வாசனையில் கண் கரித்தது. இழுப்பறையை மூடினாள்.

கடைசிக் கொத்தும் ஒத்துப்போனது. அந்த ஒரு தட்டைக் கணினியிலேயே திருப்பிப் போட்டுச் சரிசெய்தார்கள். மறுபடி எடுத்த கால்களோடு ஒப்பிட்டபோது பொருந்தியது. காப்பாளர் அவள் மேசைக்கே வந்து, "உங்க சார் பாஸாயிட்டாருங்க. எதையும் இறக்க வேண்டாம்" என்றார். பிறகு சங்கடத்தோடு, "நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன்" என்றார்.

"லீவு வேண்டாம் சார். ஒண்ணு கேட்கணும்."

நூலகத்தில் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பக்கம் உண்டு. பிடித்தவர் யார், பெயர் சொன்னவர் யார், படம் எடுத்தவர் யார் என்று வரிசையாகக் கட்டங்கள். லேப் வேலை செய்தவர் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் நிரப்பியதே இல்லை. நிறுவனத்தின் பெயர் மேலே இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். காப்பாளர் லேப்புக்கு எழுதினார். தடையில்லை என்று பதில் வந்தது.

"எல்லாத் தட்டுக்கும் ஒரே கட்டளையில நானே போட்டுடறேன் மேடம், ஒரு நிமிஷ வேலை" என்றாள் புதுப் பெண்.

"வேண்டாம்மா. நான் ஒவ்வொண்ணாப் போட்டுக்கறேன்."

"ஆயிரக்கணக்குல இருக்கே மேடம்!"

"இருக்கட்டும். எனக்கு நாலு மணிக்கு மேல வேலை இல்ல."

கேலி என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள்.

தினமும் நான்கு மணிக்கு அவள் கணினி முன் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்தைத் திறப்பாள், பூச்சியின் எண்ணைச் சரிபார்ப்பாள், கட்டத்தில் அவர் பெயரை எழுதுவாள், அடுத்ததைத் திறப்பாள். பதினோரு வருஷம் சார் சார் என்றே சொல்லிப் பழகிய வாய். பெயரை முழுதாக எழுதிப் பழக முதல் சில நாட்கள் விரலுக்குச் சிரமமாக இருந்தது. வண்டுகள் முடிந்தன. குளவிகள் முடிந்தன. பட்டாம்பூச்சிகள், தேனீக்கள், அந்துப்பூச்சிகளில் பச்சையும் வெள்ளையும் முடிந்தன. அவள் புதிதாக அனுப்பும் தட்டுகளை இப்போது எல்லாரையும் போல முதல் குழியிலிருந்தே தொடங்குகிறாள். வெட்டு மூலையை இரண்டு முறை பார்த்துக்கொள்கிறாள்.

பழுப்பு அந்துப்பூச்சித் தட்டை ஓட்டிய தற்காலிகப் பணியாளரின் பெயரைப் புதுப் பெண் தேடிக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறாள். அது சரியான பெயர்தான். அந்தத் தொண்ணூற்றாறு பக்கங்களிலும் அந்தக் கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை.